யாழ்ப்பாணத்து முன்பள்ளிகள்: ஊர்ப் பொறுப்பும் அரச நிதியும்

யாழ்ப்பாணத்திற் குழந்தையின் கல்வித் தொடக்கம் நெடுங்காலம் வீட்டையும் ஊரையும் சார்ந்தே அமைந்திருந்தது. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, திண்ணைப் பள்ளியிற் சட்டம்பியாரிடம் மணலில் எழுத்துப் பயின்றது. அவரது சீவனத்துக்கு ஊரவரே பொறுப்பாயிருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறலாயிற்று. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரும், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரும் முறைசார் பாடசாலைகளுக்கு வழிவகுத்தனர். 1869இற் பொதுப்போதனாத் திணைக்களம் தோன்றிய பின்னர் உதவிநன்கொடை முறை வேரூன்றியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. இவ்வாறு அரிவரி வகுப்பும் அரச செலவில் நடைபெறலாயிற்று. எனினும் அதற்கு முற்பட்ட வயதினர் இவ்வேற்பாட்டினுள் அடங்கவில்லை.

இவ்வெல்லையின் விளைவை 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தெளிவாகக் காட்டிற்று. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டபோது, ஓராண்டுக் கல்வி அரச செலவிலிருந்து பெற்றோர் செலவுக்கு மாறியது. 1977ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தின் பின் அவ்வயது மீண்டும் ஐந்தாக்கப்பட்டதாயினும், முன்பள்ளி அரசின் பொறுப்பாகவில்லை.

எனவே இருவகை முன்பள்ளிகள் நிலைபெற்றன. பட்டினப் பகுதியில், கட்டணம் பெற்று, ஆங்கிலத்தையும் மொண்டிசோரி முறையையும் முன்னிறுத்துவன ஒருவகை. சனசமூக நிலையம், ஆலயம், தேவாலயம், மாதர் சங்கம் என்பவற்றைச் சார்ந்து, பெற்றோரின் சிறுதொகையால் நடப்பன மற்றொருவகை. பின்னையவற்றில் அவ்வூர் இளம்பெண்களே பெரும்பாலும் ஆசிரியைகளாவர்.

ஊரைச் சார்ந்த பள்ளி ஊர் சிதையும்போது தானும் சிதையும். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி போன்ற பாடசாலைகள் புகலிடங்களில் இயங்கின. அவற்றின் ஆசிரியர்க்கு அரச சம்பளம் இருந்தது. முன்பள்ளி ஆசிரியைக்கு அத்தகைய ஆதாரம் எதுவுமில்லை.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் முன்பள்ளி முகாமைத்துவத்தின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. 2004இற் குழந்தைப் பருவ அபிவிருத்திக்கான தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டது. ஆசிரியைகளுக்கு ஒரு கொடுப்பனவு கிடைக்கலாயினும் அஃது அரச ஆசிரியர் சம்பளத்துக்கு ஈடன்று. மேற்பார்வை அரசுக்கு, செலவு ஊருக்கு என்பதே இவ்வேற்பாட்டின் சாரமாகும். விதிகள் இறுகுந்தோறும் வசதியுள்ள பள்ளி அவற்றை நிறைவேற்றும். வறிய ஊரின் பள்ளியோ மூடப்படும் நிலையை எய்தும். இலவசக் கல்வி எவ்வயதிலே தொடங்குதல் வேண்டும் என்ற வினாவை 1945ஆம் ஆண்டு விடுத்துச் சென்றது. அதற்கான விடை இன்னும் எழுதப்படவில்லை.