கேட்காவ் அச்சகமும் நம் வீட்டு வேதப் புத்தகமும்

சென்னையிலிருந்து புனேக்கு இரயிலில் வருவோர், சோலாப்பூரைக் கடந்து தௌண்ட் சந்திப்பும் பின்தங்கியதும், பெட்டி படுக்கைகளைக் கட்டத் தொடங்குவது வழக்கம். அந்தப் பரபரப்பில், சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கவனிப்பவர் மிகச் சிலரே. விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. ஆயினும், கிறிஸ்தவ வேத நூலைப் பற்றி நம்மவரிடையே நெடுநாளாக வேரோடியிருக்கும் சில தவறான எண்ணங்களை ஆராயப் புகுவோருக்கு, அந்தச் சிற்றூரைவிடத் தக்கதோர் இடம் இந்தியாவில் அரிது.

அவ்வெண்ணங்கள் யாவை என்பதை முதலில் ஒரு வீட்டின் வாயிலாகக் காட்டலாம். புனே கண்டோன்மெண்டில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். பாட்டியார் ஓதுவது 1871-ஆம் ஆண்டு வெளியான போவர் மொழிபெயர்ப்பின் வழிவந்த தமிழ் வேதாகமம். மகன் படிப்பது ஆங்கிலம். பேத்தி பள்ளியில் மராத்தி பயின்றவள். அம்மொழியிலேயே அவளுக்குப் பொருள் எளிதில் விளங்குகிறது. ஒருநாள் புதிய தமிழ்ப் பதிப்பொன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ‘தேவன்’ என்னும் சொல் இருந்த இடமெல்லாம் ‘கடவுள்’ என்றிருப்பதைக் கண்டு பாட்டியார் திடுக்கிட்டார். “வேதத்தையே மாற்றிவிட்டார்களே!” என்பது அவருடைய துயரம். அத்துயரம் போலியன்று, அதை எள்ளி நகையாடுவது முறையுமன்று. ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்று பார்க்கவேண்டும்.

தமிழ் மொழியில் கிறிஸ்தவர் இறைவனைக் குறித்த பெயர்களின் வரிசையே இதற்கு விடை கூறும். 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கச் சிறு நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அங்கே இறைவன் தம்பிரான். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் தொண்டாற்றிய இராபர்ட் தெ நோபிலியின் எழுத்துகளில் அவர் சர்வேசுரன். தரங்கம்பாடி மரபில் வந்த ஃபபிரீசியுஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முற்றுப்பெற்ற தம் மொழிபெயர்ப்பில் பராபரன் என்றார். போவர் குழுவினர் தேவன் என்றனர். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்றாயிற்று. நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஐந்து பெயர்கள்! இவற்றுள் ஒன்று மாறியபோதெல்லாம், முன்னதைக் கேட்டுப் பழகிய செவிகள் நொந்திருக்கின்றன. போவர் பதிப்பு வந்தபோது, லுத்தரன் சபையாருள் பலர் அதை ஏற்காமல் ஃபபிரீசியுஸ் பதிப்பையே பற்றிநின்றனர். அன்று புதுமை என்று ஒதுக்கப்பட்ட போவர் பதிப்புத்தான், இன்று பாட்டியாருக்கு மாற்றவொண்ணாத பழமையாக விளங்குகிறது.

இதே வகையைச் சேர்ந்த சிறு பிழைகளும் பல உண்டு. அதிகாரமும் வசன எண்ணும் மூல நூலிலேயே அமைந்தவை என்று நம்புவோர் ஏராளம். இன்று வழங்கும் அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பார் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களோ 1551-இல் இராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சகத்தார் இட்டவை. கிறிஸ்து பிறப்பின்போது வந்த ஞானிகள் மூவர் என்று நூலில் எங்கும் இல்லை. காணிக்கைகள் மூன்று, அவ்வளவே. ஏதேனில் உண்ட கனி ஆப்பிள் என்றும் இல்லை. சவுல் என்பவர் மனம் மாறியதும் பவுல் எனப் பெயர் மாற்றம் பெற்றார் என்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளைப் புரட்டினால், மனம் மாறிய பின்னும் சில அதிகாரங்கள் வரை அவர் சவுலாகவே வழங்கப்படுவதும், அவருக்குப் பவுல் என்ற பெயரும் உண்டு என்று போகிற போக்கில் சொல்லப்படுவதும் தெரியும். யூதப் பெயர் ஒன்று, உரோமப் பெயர் ஒன்று. புனேயில் நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு பெயரும் அலுவலகத்தில் ஒரு பெயருமாக வாழவில்லையா, அதுபோல!

இவை சிறியவை, தீங்கற்றவை. தீங்கு விளைத்த பிழை ஒன்று உண்டு. அது, இந்த வேதம் பரங்கியருடையது, இதை ஏற்பவன் பரங்கியாகவே ஆகவேண்டும் என்பது. இதை வெளியார் நம்பியது ஒருபுறமிருக்க, கிறிஸ்தவரே நம்பினர் என்பதுதான் வியப்பு. 1606-இல் நோபிலி மதுரைக்கு வந்தபோது, அங்கே அவருக்கு முன்பே இருந்த பாதிரியார், மதம் மாற வருவோரைப் ‘பரங்கி குலத்தில் சேர விரும்புகிறாயா?’ என்று கேட்டு வந்தாராம். பூசையைக் குறிக்கப் போர்த்துகீசியச் சொல்லையே வைத்திருந்ததால், அது தமிழர் செவியில் ‘மீசை’ என்று ஒலித்து நகைப்புக்கு இடமாயிற்று என்றும் கூறுவர். நோபிலி காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, கோவில், பூசை, அருள் என்னும் சொற்களைக் கைக்கொண்டார். உடனே அவர்மீது வழக்குத் தொடுத்தவர்கள் அவருடைய சபையாரும் உடன் கிறிஸ்தவருமே. வழக்கு உரோமாபுரி வரை சென்று, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணையால் பூணூலும் குடுமியும் சந்தனமும் அனுமதிக்கப்பெற்றன. குலவேற்றுமையை அவர் அப்படியே விட்டுவைத்ததால் பின்னால் நேர்ந்த கேடுகளை இங்கே மறைக்க வேண்டியதில்லை. நோபிலியைப் புகழ்வோர் அப்பகுதியை விரைவாகத் தாண்டிச் செல்வது வழக்கம்.

நோபிலியின் பெயர் புனேயில் வாழ்வோருக்குப் புதிதன்று. நகர் சாலையில் அமைந்த இயேசு சபையாரின் கல்லூரி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதன் அருகிலுள்ள பாப்பரசர் குருமடமோ, 1893-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில் இலங்கையின் கண்டி நகரில் நிறுவப்பெற்று, 1955-இல் இங்கே பெயர்ந்து வந்தது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இவ்விரு மரபுகளும் முளா, முட்டா ஆறுகளின் கரையில் வந்து கூடியிருப்பது நம்மைப் போன்ற இடம்பெயர்ந்தோருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி கேட்காவுக்கு வருவோம். 1858-இல் பிறந்த பண்டித ரமாபாயின் தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, தம் மனைவிக்கு வடமொழி கற்பித்த ‘குற்றத்துக்காக’ச் சுற்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவர். தாயாரிடம் பாடம் கேட்ட மகள், பாகவதத்தில் ஆயிரக்கணக்கான சுலோகங்களை மனப்பாடமாகச் சொல்லும் ஆற்றல் பெற்றாள். தென்னாட்டில் தலயாத்திரையாக அலைந்த அக்குடும்பம் பஞ்சத்தில் சிதைந்தது, பெற்றோர் மாண்டனர். 1878-இல் கல்கத்தாப் பண்டிதர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். ஆனால் வேதம் ஓதும் உரிமை பெண்ணுக்கு இல்லை என்று அந்நூல்களே விதிப்பதை அவர் அறிந்ததும் அக்காலத்தில்தான். இந்த ஒரு புண்ணை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவருடைய பிற்காலச் செயல்கள் விளங்கும்.

1882-இல் புனேயில் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவிய ரமாபாய், மறு ஆண்டு இங்கிலாந்து சென்று, வான்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். கன்னியர் மடத்தார் அவரைத் தம் வழியில் நடக்கும் பணிவுள்ள மாணவியாக எதிர்பார்த்தனர் போலும். அவரோ ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டார். சிலுவையின்மேல் இலத்தீன் வாசகம் எதற்கு? எனக்கும் என் நாட்டாருக்கும் விளங்காத அம்மொழி, எங்கள் சமஸ்கிருதத்தினும் எவ்வகையில் புனிதமானது? முட்டை கலந்த உணவை உண்ண மறுப்பது ஏன் விசுவாசக் குறைவாகும்? திரியேகத்துவக் கோட்பாட்டைச் சபை வகுத்த சொற்களிலேயே ஏன் ஒப்பவேண்டும்? சகோதரி ஜெரால்டினுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்போர், கற்பிக்க வந்தவர் யார், கற்க வந்தவர் யார் என்று மயங்கினால் வியப்பில்லை. கிறிஸ்தவ நாட்டில் ஒரே சமயம் இருக்கும் என்றெண்ணி வந்தவர், அங்கே கண்ட பிரிவுகளின் எண்ணிக்கையால் திகைத்துப்போனதையும் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் எழுதினார். 1907-இல் வெளியிட்ட தம் சாட்சிய நூலில், ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் வரை, தாம் கண்டடைந்தது கிறிஸ்து சமயத்தையே அன்றிக் கிறிஸ்துவை அன்று என்று ஒப்புக்கொள்கிறார். கோட்பாடுகளுக்கு அறிவினால் இசைவளிப்பதே விசுவாசம் என்று தாம் எண்ணியிருந்தது பிழை என்பது அவர் முடிவு. இம்முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. ஆனால், உலகப் புகழ் பெற்ற ஒருவர், தம்மை முன்மாதிரியாகக் கருதும் ஆயிரம் பேர் முன்னிலையில், ‘இத்தனை நாள் நான் தவறாக எண்ணியிருந்தேன்’ என்று சொல்லும் துணிவு எளிதில் வருவதன்று.

1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனம் அடுத்த ஆண்டே புனேக்கு வந்தது. விதவைகளுக்குக் கல்வி தருவதாகச் சொல்லி மதம் மாற்றுகிறார் என்ற கண்டனம் 1893-இல் பெரிதாக எழுந்து, நகரத்துச் சீர்திருத்தத் தலைவர்கள் பலர் விலகினர். நூற்றாண்டின் இறுதிப் பஞ்சங்களில் அனாதைகளாகிய பெண்களை அவர் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்தபோது, நகரில் இடம் போதவில்லை. அப்பெண்கள் குடியேறிய வெற்று நிலமே கேட்காவ். அங்கு எழுந்த இல்லமே முக்தி சதனம்.

அப்பெண்களிடம் மராத்தி வேதாகமத்தைக் கொடுத்தபோதுதான் இடர் தோன்றியது. அந்நாள் மொழிபெயர்ப்பு, பாதிரிமாரும் அவர்களுக்கு உதவிய பண்டிதர்களும் ஆக்கியது, வடசொல் மிகுந்தது. சிற்றூர்ப் பெண்களுக்கு அது விளங்கவில்லை. போதாக்குறைக்கு, அதிலிருந்த பல சொற்கள் இந்து தத்துவ நூல்களில் வேறு பொருள் பெற்றவை என்பதை, அந்நூல்களில் தேர்ந்த ரமாபாய் மற்றெவரினும் நன்றாக உணர்ந்தார். கடினமாக இருப்பதே வேதத்துக்கு அழகு என்று சொல்லி அவர் அமைதியடைந்திருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நோபிலி நாட்டுச் சமயச் சொற்களைத் தேடி எடுத்தார். ரமாபாயோ அவற்றை விலக்கி, அடுக்களையிலும் வயலிலும் வழங்கும் சொற்களைத் தேடினார். இருவர் வழியும் முரணானவை. ஆனால், மொழிபெயர்ப்புச் சொல் விண்ணிலிருந்து விழுவதன்று, மனிதர் தேர்ந்தெடுப்பது என்பதை இருவருமே அறிந்திருந்தனர்.

இங்கே உலகச் செய்தி ஒன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம், பிளேட்டோ முதலியோரின் கிரேக்கத்தினின்று வேறுபட்டிருப்பதைக் கண்ட அறிஞர் சிலர், அது தூய ஆவியாரின் தனிமொழி போலும் என்று கருதிவந்தனர். எகிப்து நாட்டு மணலில் கிடைத்த பப்பைரஸ் சுருள்கள் அக்கருத்தைத் தகர்த்தன. கடைக்கணக்கு, கடன் சீட்டு, படைவீரன் தன் தாய்க்கு எழுதிய கடிதம் முதலிய அச்சுருள்களில் இருந்த பேச்சே வேதத்திலும் இருந்தது. இதை விளக்கி, 1895 தொடங்கி அடால்ஃப் டைஸ்மான் என்னும் ஜெர்மானியர் நூல்கள் எழுதினார். சந்தையில் வழங்கிய கிரேக்கம் அது! அதே காலத்தில், இங்கே தக்காணத்தில் ஒரு பெண்மணி சந்தையில் வழங்கும் மராத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எபிரேயமும் கிரேக்கமும் முதுமையை நெருங்கும் வயதில் கற்று, மூலத்தோடு ஒப்பிட்டு அவர் மொழிபெயர்த்தார். அச்சுக் கோத்தவரும், தாள் மடித்தவரும், கட்டடம் செய்தவரும் முக்தி சதனத்துப் பெண்களே. அவர்களுள் பலர் எழுத்தறியாதவராய் அங்கு வந்தவர். மகள் மனோரமா 1921-இல் தாயை முந்திக்கொண்டார். ரமாபாய் மறைந்தது 1922, ஏப்ரல் 5. முழு வேதாகமம் அச்சாகி வெளிவந்தது 1924-இல்.

மராத்தித் திருச்சபைகளின் பொது வழக்கில் நிலைபெற்றது அவருடைய பதிப்பு அன்று. பழைய பதிப்பே, திருத்தம் பெற்று, ஆலயங்களில் ஓதப்படலாயிற்று. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் ஒட்டிச் சென்றதால் நடை சில இடங்களில் கரடுமுரடாகிவிட்டது என்று குறை கூறினோரும் உண்டு. கேட்டுப் பழகிய சொல்லை விட மனம் வராத பாட்டியார்கள் மராத்தி வீடுகளிலும் இருந்திருப்பார்கள்.

நாம் முதலில் கண்ட கண்டோன்மெண்ட் வீட்டில், இப்போது மாலை வேளையில் புதியதோர் ஏற்பாடு. பாட்டியார் தமிழில் ஒரு பகுதியை ஓதுகிறார். பேத்தி அதே பகுதியை மராத்தியில் படிக்கிறாள். சொற்கள் ஒத்துவராத இடத்தில் இருவரும் நின்று, இதற்கு என்ன பொருள் என்று ஒருவரையொருவர் கேட்கின்றனர். சில நாள்களில் அரை அதிகாரத்துக்குமேல் நகர்வதில்லை. ‘தேவன்’ என்பதை மட்டும் பாட்டியார் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.