ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு தடி

மகேந்திர பல்லவன் குடைந்த சீயமங்கலத்துக் குகைக் கோயிலைக் காணச் செஞ்சிப் பக்கமிருந்து பழைய அம்பாஸடர் ஒன்றில் போய்ப் பாருங்கள். சாரதியின் இடது கை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு தடியைத் தேடும். கியர் அங்கேதான்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, 1957-ல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பிறந்த வண்டி அது. கியர் தரையில் இல்லாததால் முன்னாசனத்தில் மூவர் உட்காரலாம். நம் குடும்பங்களுக்கு எத்தனை பெரிய உபகாரம்! ஆனால் பெட்டி கீழே, கை மேலே. நடுவே கம்பிகளும் மூட்டுகளும். மூட்டு தேய்ந்தால் கியர் விழாது. போதாததற்கு, முதல் கியருக்கு ஸின்க்ரோமெஷ் கிடையாது. ஓடும் வண்டியில் அதைப் போடக் கிளச்சை இரு முறை மிதிக்க வேண்டும். அந்த வித்தை கைவந்தவரைத்தான் அந்நாளில் டிரைவர் என்று மதித்தார்கள்.

1990-களில் இஸுஸு என்ஜினோடு ஐந்து கியர் பெட்டி வந்தது; தடி தரைக்கு இறங்கியது. பழைய வண்டிக்காரர்களுக்கும் ஆசை பிறந்தது. மாற்றுவதோ லேசல்ல. புதுப் பெட்டியின் முன்தண்டுப் பற்களுக்கு இசைந்த கிளச் தட்டு வேண்டும். பெட்டியின் நீளம் மாறினால் புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி, அது அதிராமல் சுழலும்படி சமன் செய்ய வேண்டும். தரையிலும் துளை போட வேண்டும்.

2014-ல் உற்பத்தியே நின்றுவிட்ட வண்டியில் துளை போட எனக்குச் சம்மதமில்லை. தேய்ந்த புஷ்களை மாற்றினாலே பழைய கியர் பெரும்பாலும் ஒழுங்காக விழும். மேலும், தரையில் தடி முளைத்தால் முன்னாசனத்து மூன்றாம் ஆள் காலை எங்கே வைப்பார்?