பிரிட்டனில் வீட்டு எரிசக்திக் கட்டணப் பேரம்: ஒரு வரலாறு

பிரிட்டனில் (இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து) வீடுகளுக்கு மின்சாரமும் குழாய்வழி எரிவாயுவும் விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. ஏற்கனவே வாடிக்கையாளராக இருக்கும் ஒருவர், "கட்டணத்தைக் குறைக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவேன்" என்று சொல்லி மலிவான திட்டம் ஒன்றைப் பெறுவது அங்கு வழக்கத்தில் இருந்துவரும் ஒன்று. அந்நாட்டில் பெரும்பாலான வீடுகள் எரிவாயுவால் சூடாக்கப்படுகின்றன. ஆகவே குளிர்காலக் கட்டணம் குடும்பச் செலவில் பெரிய பங்கு. கட்டணத்துக்கு அஞ்சி வீட்டைச் சூடாக்காமல் இருப்பது முதியோர், நோயாளிகள் ஆகியோரின் உடல்நலத்தைப் பாதிக்கும். இதனால் பேரம் பேசத் தெரிந்தவர் எவ்வளவு மிச்சப்படுத்தினார் என்பதோடு, பேசாதவர் எவ்வளவு கொடுத்தார் என்பதும் அரசியல் கேள்வியாக மாறியது.

பேரத்துக்கு இடமில்லாத காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் மின்துறையை 1948ஆம் ஆண்டிலும் எரிவாயுத் துறையை 1949ஆம் ஆண்டிலும் நாட்டுடைமை ஆக்கியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வாரியம் இருந்தது. அந்த வாரியம் விதித்த கட்டணத்தையே அவ்வட்டார மக்கள் செலுத்தினர்.

மார்கரெட் தாட்சர் ஆட்சியில் 1986ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கேஸ் நிறுவனம் தனியார்மயமானது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 12 வட்டார மின் நிறுவனங்களின் பங்குகள் 1990 டிசம்பரில் விற்கப்பட்டன. உரிமையாளர் மாறினாலும் வீட்டுக்காரரின் நிலை உடனே மாறவில்லை. அவருக்கு எரிவாயு விற்பவர் ஒருவர், மின்சாரம் விற்பவர் ஒருவர் என்றே இருந்தது. கட்டணத்துக்கு வரம்பு விதிக்கும் பொறுப்பு ஒழுங்குமுறை அலுவலகங்களிடம் இருந்தது.

சந்தை திறப்பு

1996 ஏப்ரலில் தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன், சாமர்செட் மாவட்டங்களில் ஏறத்தாழ 5 லட்சம் வீடுகளுக்கு எரிவாயு விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சோதனை முறையில் வழங்கப்பட்டது. 1998 மே மாதத்துக்குள் இவ்வுரிமை நாடு முழுவதும் பரவியது. மின்சாரத்தில் 1998 செப்டம்பரில் தொடங்கி 1999 மே மாதத்தில் முடிந்தது.

நிறுவனம் மாறினாலும் வீட்டுக்கு வரும் கம்பியும் குழாயும் மாறுவதில்லை. பில் அனுப்புபவரின் பெயரும் விலையும் மட்டுமே மாறும். வாடிக்கையாளர் விலகிப் போக முடியும் என்ற அச்சமே விலையைக் கட்டுப்படுத்தும் என்று அரசு நம்பியது. எரிவாயு, மின்சாரம் ஆகிய இரு துறைகளின் ஒழுங்குமுறை அலுவலகங்களை இணைத்து உருவாக்கப்பட்ட ஆஃப்ஜெம், 2002ஆம் ஆண்டில் வீட்டுக் கட்டணங்கள் மீது எஞ்சியிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. அதன்பின் பிரிட்டிஷ் கேஸ், இ.டி.எஃப்., ஈ.ஆன், என்-பவர், ஸ்காட்டிஷ்பவர், எஸ்.எஸ்.இ. ஆகியவை "பெரிய ஆறு" என அழைக்கப்பட்டன.

ஒரே நிறுவனம், இரண்டு விலைகள்

சந்தை திறந்தபின் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருவகைக் கட்டணங்கள் உருவாயின. புதிய வாடிக்கையாளரை ஈர்க்க, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு விலை மாறாத மலிவான திட்டம் தரப்பட்டது. அக்காலம் முடிந்தபின் எதையும் தேர்ந்தெடுக்காதவர், நிறுவனம் விரும்பும்போது உயர்த்தக்கூடிய இயல்புநிலைக் கட்டணத்துக்கு மாற்றப்பட்டார். ஒருமுறைகூட நிறுவனம் மாறாதவர்கள் தொடக்கத்திலிருந்தே அதில்தான் இருந்தனர்.

பேரம் இந்த இடைவெளியில் பிறந்தது. வாடிக்கையாளர் முதலில் தமது ஆண்டு நுகர்வு எத்தனை கிலோவாட் மணி என்பதைப் பில்லில் பார்ப்பார். ஒப்பீட்டு இணையத்தளங்களில் பிற நிறுவனங்களின் யூனிட் விலையையும் நாள்தோறும் வசூலிக்கப்படும் நிலைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார். பின்னர் தமது நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, விலகப் போவதாகச் சொல்வார். விலகுபவரைத் தக்கவைக்கும் பிரிவின் ஊழியர் மலிவான திட்டம் ஒன்றை முன்வைப்பார். பல நேரங்களில் அது அதே நிறுவனத்தின் வேறொரு திட்டமாகவே இருக்கும். கேட்டவருக்குக் கிடைத்தது, கேட்காதவருக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கூட்டாகச் செய்யும் முயற்சியும் நடந்தது. 2012ஆம் ஆண்டு "விச்?" என்ற நுகர்வோர் அமைப்பு பெரும் எண்ணிக்கையில் மக்களைப் பதிவு செய்யச் செய்து, அவர்கள் அனைவருக்கும் சேர்த்து நிறுவனங்களிடம் விலை கேட்டது. 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். எனினும் இறுதியில் நிறுவனம் மாறியவர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதியினரே.

சமவிலை விதியும் அதன் விளைவும்

2008ஆம் ஆண்டு ஆஃப்ஜெம் நடத்திய ஆய்வு, முன்னாள் வட்டார மின் நிறுவனங்கள் தமது பழைய வட்டாரத்து வாடிக்கையாளரிடம் கூடுதல் விலையும் பிற வட்டாரங்களில் குறைந்த விலையும் வாங்குவதைக் காட்டியது. அதாவது, நீண்ட காலம் தங்கியவரே அதிகம் கொடுத்தார். இதைத் தடுக்க 2009ஆம் ஆண்டில் நியாயமற்ற விலை வேறுபாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது.

எதிர்பார்த்தது போல் உயர்ந்த விலை இறங்கவில்லை. பிற வட்டாரங்களில் மலிவாக விற்றால் சொந்த வட்டாரத்திலும் விலையைக் குறைக்க வேண்டும் என்பதால் நிறுவனங்கள் மலிவுத் திட்டங்களைக் குறைத்துக்கொண்டன. போட்டி தளர்ந்தது. மின்துறையின் முதல் ஒழுங்குமுறைத் தலைவராக இருந்த ஸ்டீபன் லிட்டில்சைல்ட் போன்ற பொருளியலாளர்கள் இவ்விதியைக் கடுமையாக விமர்சித்தனர். 2012ஆம் ஆண்டில் அது காலாவதியாக விடப்பட்டது.

அடுத்த முயற்சி எளிமைப்படுத்தல். நூற்றுக்கணக்கான திட்டங்கள் மக்களைக் குழப்புகின்றன என்று கருதிய ஆஃப்ஜெம், 2013 இறுதியில் ஒவ்வோர் எரிபொருளுக்கும் ஒரு நிறுவனம் நான்கு அடிப்படைத் திட்டங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என விதித்தது. நிறுவனத்தின் மிக மலிவான திட்டம் எது என்பதைப் பில்லிலேயே தெரிவிக்கும் கடமையும் வந்தது. ஒப்பிடுவது எளிதானது. ஆனால் தள்ளுபடிகளுக்கும் கட்டுப்பாடு வந்ததால் விலையில் போட்டியிடும் வழிகள் குறைந்தன. நான்கு திட்ட வரம்பும் 2016ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

பேசாதவர் யார்?

2014ஆம் ஆண்டு இச்சந்தையை ஆராயும் பொறுப்பு, போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2016 ஜூனில் வெளியான அதன் இறுதி அறிக்கையின்படி, "பெரிய ஆறு" நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் விலையுயர்ந்த இயல்புநிலைக் கட்டணத்திலேயே இருந்தனர். 2012 முதல் 2015 வரை வீட்டு வாடிக்கையாளர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாகச் செலுத்தியதாகவும் ஆணையம் மதிப்பிட்டது.

இவர்கள் யார் என்பதையும் ஆணையத்தின் கருத்தாய்வு காட்டியது. ஆண்டு வருமானம் 36,000 பவுண்டுக்கு மேல் உள்ள குடும்பங்களில் 35 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் நிறுவனம் மாறியிருந்தனர். 18,000 பவுண்டுக்குக் கீழ் உள்ளவர்களில் 20 விழுக்காட்டினரே மாறியிருந்தனர். வாடகை வீட்டில் வாழ்வோர், குறைந்த கல்வி பெற்றோர், முதியோர் ஆகியோரும் குறைவாகவே மாறினர். முன்பணம் செலுத்தும் மீட்டர் வைத்திருந்த ஏழைக் குடும்பங்களுக்கு மலிவுத் திட்டங்களே அரிதாக இருந்தன. சோம்பலால் பேரம் பேசாதவர்களும் உண்டு. ஆனால் இணைய வசதி, நேரம், கணக்குப் பார்க்கும் துணிவு ஆகியவை இல்லாதவர்கள் பேசாமல் இருந்ததைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

தீர்வு குறித்து விசாரணைக் குழுவிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. முன்பண மீட்டர்களுக்கு மட்டும் உச்சவரம்பு போதும், பொதுவான வரம்பு மக்கள் நிறுவனம் மாறும் ஆர்வத்தைக் கெடுக்கும் என்று பெரும்பான்மையினர் கருதினர். குழு உறுப்பினரான பேராசிரியர் மார்ட்டின் கேவ், பாதிப்பின் அளவைக் கருதினால் பரந்த அளவிலான தற்காலிக வரம்பு தேவை என மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்.

உச்சவரம்பு

அரசியல் இறுதியில் கேவ் சொன்ன திசையிலேயே சென்றது. 2018ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 2019 ஜனவரி 1 முதல் இயல்புநிலைக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. சராசரி நுகர்வுள்ள வீட்டுக்கு முதல் வரம்பு ஆண்டுக்கு 1,137 பவுண்டு. யூனிட் விலைக்கும் நிலைக் கட்டணத்துக்குமே வரம்பு உண்டு. மொத்தப் பில்லுக்கு வரம்பு இல்லை. ஆகவே அதிகம் பயன்படுத்தினால் பில் இத்தொகையைத் தாண்டும். பேசாதவர் கொடுக்கும் விலைக்கு ஒரு கூரை போடப்பட்டது. பேரம் பேசுபவர் அதற்கும் கீழே இறங்க வழி இருந்தது.

2021ஆம் ஆண்டின் சரிவு

2021 இலையுதிர் காலத்தில் எரிவாயுவின் மொத்த விற்பனை விலை பன்மடங்கு உயர்ந்தது. எதிர்காலத் தேவைக்கு முன்கூட்டியே வாங்கி வைக்காமல் மலிவு விலை கொடுத்து வளர்ந்த பல சிறு நிறுவனங்கள் சரிந்தன. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் மூடப்பட்டன. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனத்தை அரசுப் பணத்தில் சிறப்பு நிர்வாகத்தின்கீழ் நடத்த வேண்டியதாயிற்று. பல்ப் நீங்கலாகப் பிற நிறுவனங்களின் வீழ்ச்சியால் ஏற்பட்ட செலவு 270 கோடி பவுண்டு, அதாவது வீட்டுக்கு 94 பவுண்டு என மதிப்பிடப்பட்டது. அது எல்லாருடைய பில்லிலும் சேர்க்கப்பட்டது. மலிவுத் திட்டத்தை ஒருபோதும் அனுபவிக்காத வீடுகளும் அதன் விலையில் பங்கு கொடுத்தன.

2022 அக்டோபருக்கான உச்சவரம்பு 3,549 பவுண்டு என அறிவிக்கப்பட்டது. அரசு மானியம் தந்து சராசரிக் கட்டணத்தை 2,500 பவுண்டில் நிறுத்தியது. வரம்பைவிட மலிவான திட்டங்கள் மறைந்துபோனதால் பேரமும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

2022ஆம் ஆண்டின் விதி

2022 ஏப்ரலில் ஆஃப்ஜெம், புதிய வாடிக்கையாளருக்கு மட்டும் மலிவுத் திட்டம் தருவதைத் தடை செய்தது. புதியவருக்குத் தரும் திட்டத்தைப் பழையவரும் கேட்டால் தர வேண்டியிருந்தது. தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட இவ்விதி பின்னர் நீட்டிக்கப்பட்டது. அப்போதெல்லாம் 2009ஆம் ஆண்டின் விவாதம் மீண்டும் எழுந்தது. தடை இருந்தால் மலிவுத் திட்டங்கள் குறையும் என்பது ஒரு தரப்பு. தடை இல்லாவிட்டால் பழைய வாடிக்கையாளரின் பணத்தில் புதியவருக்குத் தள்ளுபடி போகும் என்பது மறுதரப்பு.

இவ்விதியால் பேரத்தின் தன்மையும் மாறியது. முன்பு விலகுவதாக மிரட்டிப் பெற வேண்டியிருந்ததை இவ்விதியின்கீழ் உரிமையாகக் கேட்க முடிந்தது. ஆனால் கேட்க வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. கேட்காத வீடு இன்றும் இயல்புநிலைக் கட்டணத்திலேயே இருக்கிறது. அதற்குக் காவலாக இருப்பது உச்சவரம்பு ஒன்றே.