யோங் பெங்கிற்கு வடக்கே ஒரு காடு: எண்டாவ்-ரொம்பின் ஏன் முக்கியம்?

கோலாலம்பூர் - சிங்கப்பூர் பஸ்ஸில் போனவர்களுக்கு யோங் பெங் என்றால் சாப்பிட இறங்கும் ஊர். சாலையின் ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. ஆனா அங்கிருந்து வடக்கே சாஆ, பெக்கோக் என்று போய், இன்னும் உள்ளே நுழைந்தால் தோட்டம் முடிந்து காடு ஆரம்பிக்கும். அதுதான் எண்டாவ்-ரொம்பின். பாதி ஜொகூரில், மீதி பகாங்கில்.

ஜொகூர் பகுதி மட்டுமே ஏறக்குறைய 489 சதுர கிலோமீட்டர். விளம்பரங்களில் "24.8 கோடி ஆண்டுப் பழமையான காடு"ன்னு பார்த்திருப்பீங்க. அந்த வயதைப் பாறைகளுக்குச் சொல்லலாம், மரங்களுக்குச் சொல்ல முடியாது. பூக்கும் தாவரங்களே உலகத்தில் தோன்றாத காலம் அது.

விளம்பரமே தேவையில்லாத விஷயங்கள் அங்கே இருக்கு. ஜானிங் மேட்டுநிலத்தில் வளரும் விசிறிப்பனை ஒன்றுக்கு, அறிவியல் பெயரிலேயே எண்டாவ் இருக்கிறது. யானை, தப்பீர், இருவாச்சி, புலி எல்லாம் உண்டு. நாட்டின் புலிப் பாதுகாப்புத் திட்டம் தேர்ந்தெடுத்த மூன்று முக்கியக் காடுகளில் இதுவும் ஒன்று.

காட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஜக்குன் பூர்வக்குடி மக்கள். எண்டாவ் ஆற்றங்கரையில் உள்ள கம்போங் பெத்தா அவர்களுடைய கிராமம். காஹாங்கிலிருந்து 56 கிலோமீட்டர் தோட்டப் பாதையில் போகணும். பிரம்பு, காட்டுப் பழங்கள், ஆற்று மீன் இவையெல்லாம் அவர்களுக்குச் சுற்றுலாக் காட்சி இல்லை, வாழ்க்கை.

அந்த வாழ்க்கைக்கு விலை போட முடியுமா? கிழக்கு ஜொகூரில் லிங்கியு அணைக்காக நிலத்தை இழந்த 52 ஜக்குன் மக்கள் நீதிமன்றம் போனார்கள். சிங்கப்பூருக்கும் தண்ணீர் தரும் திட்டம் அது. அவர்களிடம் பட்டா இல்லை. ஆனாலும் மூதாதையர் நிலம், நடமாடும் சுதந்திரம், காட்டு விளைபொருள், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாமே இழப்புதான் என்று உயர்நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூர்வக்குடி நில உரிமை வழக்குகள் எல்லாம் இன்றும் தொட்டுப் பேசும் தீர்ப்பு இது. பள்ளிப் பாடத்தில் வந்திருக்க வேண்டியது.

நம்ம கதையும் இதில் இருக்கு. லாபிஸ், குளுவாங், யோங் பெங் வட்டாரத்தில் காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, அந்த வேலையில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். முடிவு அவர்களுடையது இல்லை, உழைப்பு அவர்களுடையது. பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது.

என்ன ஆபத்து?

1977-இல் பகாங் அரசு இந்தக் காட்டின் நடுப்பகுதியிலேயே மரம் வெட்ட அனுமதி கொடுத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 1985-86-இல் மலாயா இயற்கைக் கழகம் பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியது. ஜொகூர் பகுதி 1993-இல்தான் தேசியப் பூங்காவாக அரசிதழில் வந்தது.

ஆனா சில உயிர்களுக்கு அது போதவில்லை. ஒரு காலத்தில் இங்கே இருந்த சுமத்ரா காண்டாமிருகம் மலேசியக் காடுகளிலிருந்து அழிந்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. நாட்டின் கடைசி காண்டாமிருகமான இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. புலியைக் கொல்லத் துப்பாக்கி வேண்டியதில்லை, கம்பிக் கண்ணி போதும். அதில் எந்த மிருகமும் மாட்டும். 2022 சட்டத் திருத்தம் அதிகபட்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறையை 15 ஆண்டாகவும் உயர்த்தியது.

யானைக்கு வேறு பிரச்சனை. காட்டுத் துண்டுகளுக்கு நடுவே தோட்டமும் சாலையும் வந்துவிட்டதால், பழைய வழியில் நடந்தாலே செம்பனைக்குள்தான் போய் நிற்கும். எண்டாவ்-ரொம்பினையும் குளுவாங் பக்கத்துக் காடுகளையும் இணைக்கும் வழித்தடங்கள், தீபகற்பத்தின் மத்திய வன முதுகெலும்புத் திட்டத்தில் இருக்கின்றன.

யோங் பெங் வெள்ளத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா? நேரடியாக இல்லை. எண்டாவ் ஆறு கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போகிறது. யோங் பெங் வழியாக வரும் பெக்கோக் ஆறு மேற்கே பத்து பஹாட் பக்கம் போகிறது. 2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூர் முழுக்க 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள், யோங் பெங் மக்களும் அதில் உண்டு. காரணம் கொட்டித் தீர்த்த மழை. ஆனா மேட்டில் மரம் குறைந்தால் மழைநீர் வேகமாக இறங்கும், மண்ணும் சேர்ந்து வந்து ஆற்றை மேடாக்கும் என்பது எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

போய்ப் பார்க்க நினைத்தால் பெக்கோக் வழியாகச் செலாய், காஹாங் வழியாகப் பெத்தா என்று ரெண்டு வாசல். முன்கூட்டியே அனுமதி எடுக்கணும், பாதைக்கு ஃபோர்வீல் வண்டி வேணும். வடகிழக்குப் பருவமழையில் மூடிவிடுவார்கள். பெத்தாவில் வழிகாட்டியாக வருபவர் பெரும்பாலும் ஒரு ஜக்குன் இளைஞராக இருப்பார்.