வீடும் விடுதியும்

தெற்கேயிருந்து வரும் நெடுந்தூர இரயில் வண்டிகளில் ஆண்டுதோறும் ஆடித் திங்களை ஒட்டி ஒரு தனிக் கூட்டம் வந்து இறங்குவதை நம் நகர நிலையத்தில் காணலாம். பெரிய பெட்டி ஒன்று. கயிற்றால் இறுகக் கட்டிய படுக்கை ஒன்று. துணி சுற்றிய ஊறுகாய்ச் சாடி ஒன்று. கவலையை மறைத்துக்கொண்டு கூலி பேசும் தந்தை ஒருபுறம்; கண்ணீரை மறைத்துக்கொண்டு சாமான்களை எண்ணும் தாய் மறுபுறம். நடுவே, இருவரையும் பாராமல் வேறெங்கோ பார்த்து நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டது. இனி என்ன குறை என்று உறவினர் எண்ணுவர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் இந்நகருக்குப் படிக்க வந்தான். அவனை விடுதி வாயில்வரை கொண்டுபோய் விட்டேன். என் கைப்பேசி எண்ணை ஒன்றுக்கு இருமுறை சொன்னேன். "ஏதாவது வேண்டுமானால் கூச்சப்படாமல் கேள், தம்பி" என்று தோளில் தட்டிவிட்டு வந்தேன். வாரந்தோறும் தொலைபேசியில் விசாரிப்பேன். "எல்லாம் சௌகரியந்தான், மாமா" என்பான். எனக்கும் நிறைவாக இருக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் அவன் ஊருக்குத் திரும்ப முடிவு செய்துவிட்டான் என்று தங்கையிடமிருந்து செய்தி வந்தது. பெட்டி கட்ட உதவுவதற்காக அன்றுதான் முதன்முறையாக அவன் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலின் கீழே வெறும் பிஸ்கட் உறைகள் குவிந்து கிடந்தன. இரவில் சப்பாத்தி மட்டுமே பரிமாறப்படும். அவனுக்கு அது இறங்கவில்லை. சோறு கேட்டுப் பெறலாம் என்பது தெரியவில்லை. கேட்பதற்கு மொழியும் இல்லை. மூன்று மாதம் அவன் இராப் பசியோடு உறங்கியிருக்கிறான். நானோ பேருந்தில் அரைமணி தூரத்தில் இருந்திருக்கிறேன்.

'கேட்டால் கொடுப்போம்' என்று காத்திருந்தேன். அவன் கேட்கவே இல்லை. அன்று முதல் வீட்டை விட்டு வெளியூர் சென்று கற்ற பெரியோர் பலரின் இளமை வரலாற்றை இந்த ஒரு கண்கொண்டே படித்து வருகிறேன். அவர்கள் முதல் மாதத்தை எப்படிக் கடந்தார்கள்? யார் கடத்திவிட்டார்கள்? அவ்வாறு படித்ததில் தெரிந்த சிலவற்றை நம் சங்க மலரில் எழுதுவது பயனுடையதாகும் என்று கருதுகிறேன்.

விடுதி என்பது மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை அன்று. நாலந்தாவில் அகழ்ந்து கண்ட விகாரங்களில், நடுவே முற்றமும் அதனைச் சூழ வரிசையாகச் சிற்றறைகளும் இருத்தலை இன்றும் காணலாம். நம் தமிழகத்திலும் சோழர் காலக் கல்வெட்டுகள் மாணவர் உறையுளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், இளமாணவர் 270 பேரும் மூத்த மாணவர் 70 பேருமாக 340 பேர் கற்றனர். இளையவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவர்க்கு ஒரு குறுணி இரு நாழி நெல் என்று கணக்கிட்டுக் கொடுத்தனர்.

இதனினும் நெஞ்சைக் கவர்வது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 1063-க்கும் 1070-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், கல்விச்சாலையும் மாணவர் உறையுளும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையும் நடைபெற்றன. மாணவர்க்கு உணவு உண்டு; படுக்கப் பாய் உண்டு; இரவில் விளக்கெரிக்க எண்ணெய் உண்டு; சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் உண்டு! தாய் வீட்டிலிருந்தால் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து விட்டிருப்பாளே என்று எவரோ ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் எண்ணம் கல்லில் நின்றுவிட்டது. மாணவன் வந்து கேட்ட பிறகு கொடுத்த எண்ணெய் அன்று அது. கேளாமலே அளந்து வைத்த எண்ணெய்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1871-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்பதற்காக மாயூரம் சென்றபோது அவருக்கு வயது பதினாறு. தந்தையார் வேங்கடசுப்பையரே உடன் அழைத்துச் சென்றார். பொருள் வசதி இல்லாத குடும்பம் அது. ஆயினும் பிள்ளையை ஆசிரியர் வாயிலில் விட்டுவிட்டு அவர் உடனே திரும்பவில்லை. சில நாள் அங்கேயே தங்கி, உண்பதற்கும் இருப்பதற்கும் வகை கண்ட பின்னரே ஊர் திரும்பினார். பின்னாளில் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த அப்பெருமகனார், முதன்முதலாக அயலூரில் தங்கக் கற்றது தந்தையின் துணையோடுதான்.

அத்தகைய துணை அமையாதபோது என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராஜ்கோட்டிலிருந்து பவநகர் சென்று சாமல்தாஸ் கல்லூரியில் ஓர் இளைஞர் சேர்ந்தார். பாடம் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாமே கடினமாகத் தோன்றின. முதற் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். அவர்தாம் காந்தியடிகள். ஒரு பருவத்திலேயே திரும்பி வந்த பிள்ளையைப் 'படிப்புக்கு உதவாதவன்' என்று தீர்ப்புச் சொல்ல விரைவோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கப்பலேறி இலண்டன் சென்றார். இரவில் தாயை நினைத்துக் கண்ணீர் விட்டதாக அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கே அவரை வந்து பார்த்தவர் மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தா. பேச்சின் நடுவே காந்தி அவருடைய தொப்பியை எடுத்துத் தடவிப் பார்க்க, பிறர் பொருளைத் தொடலாகாது என்று தொடங்கி அந்நாட்டு வழக்கங்களை மேத்தா அன்றே சொல்லிக் கொடுத்தார். அத்துடன் நில்லாது, விடுதியில் தனியே கிடவாமல் ஒரு நண்பர் அறையில் தங்கி முதலில் பழகிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடும் செய்தார். அங்கே ஏறத்தாழ ஒரு மாதம் தங்கிப் பழகிய பின்னரே காந்தி ஒரு குடும்பத்தோடு வாழச் சென்றார். பவநகரில் கிட்டாத அந்த ஒரு மாதம் இலண்டனில் கிட்டியது.

வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பம் உறவுப் பிள்ளை ஒருவனை ஏற்றுக் காத்ததற்குக் காசி நகர் சான்று. 1898-இல் தந்தையை இழந்த பாரதியார், அநுமான் கட்டத்தில் சிவமடத்தில் வாழ்ந்த அத்தை குப்பம்மாள், அவர் கணவர் கிருஷ்ண சிவன் ஆகியோரிடம் சென்று தங்கிப் படித்தார். அலகாபாத் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வில் வெற்றியும் பெற்றார். இடையே அவர் குடுமியை நீக்கி, மீசையும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டது ஆசாரசீலரான கிருஷ்ண சிவனுக்குப் பிடிக்கவில்லை என்றும், அதனால் பந்தியில் அவரோடு அமர்ந்துண்ண மறுத்தார் என்றும், ஒரு மார்கழித் திருவாதிரையில் ஓதுவார் வராதபோது பாரதியார் திருவெம்பாவை பாடக் கேட்டு மனம் நெகிழ்ந்தார் என்றும் சொல்வதுண்டு. மருமகனின் மீசையைக் கண்டு சினங்கொள்ளும் மாமன்மார் இன்றும் நம் காலனியில் இல்லாமல் இல்லை! பிள்ளைகள் வெளியூரில் மாறத்தான் செய்வார்கள். மாற்றம் கண்டும் கதவைச் சாத்தாத வீடே அவர்களுக்கு வீடாகும்.

இனி, இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தைத்த நிகழ்ச்சியைக் கூறுகிறேன். கணித மேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் நெவில் தம் வீட்டிலேயே அவரைச் சில வாரங்கள் தங்க வைத்தார். பின்னர் அவர் டிரினிட்டிக் கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். வேறொரு கல்லூரியில் படித்த வங்காள மாணவர் ஒருவர் ஒருநாள் அவரைக் காணச் சென்றார். நெருப்பருகே அமர்ந்திருந்த இராமானுஜனிடம், 'இரவில் குளிர் தாங்குகிறதா?' என்று கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் இராமானுஜன். கம்பளி போதவில்லை போலும் என்று எண்ணிய அம்மாணவர் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. மெத்தையோடு சேர்த்து ஓரங்களைச் செருகி, மேலே ஒரு விரிப்பையும் விரித்திருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் கீழே, கம்பளிகளின் மேலே படுத்து நடுங்கியிருக்கிறார்! எவ்வாறு படுப்பது என்று அம்மாணவர் செய்து காட்டினார். அவர்தாம் பின்னாளில், 1931-இல், இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

உலகம் போற்றும் அறிஞர்கள் இராமானுஜனின் சூத்திரங்களை ஆராய்ந்தார்கள். கம்பளியைப் பற்றிக் கேட்கத் தோன்றியது இந்த ஒருவருக்கு. அவர் இராமானுஜனுக்கு உறவினர் அல்லர், தமிழரும் அல்லர், வயதிலும் ஐந்தாறு ஆண்டு இளையவர். ஆயினும் 'குளிர் தாங்குகிறதா?' என்று கேட்டார். கேட்டதோடு நில்லாது எழுந்து போய்ப் படுக்கையைப் பார்த்தார். நான் என் மருமகனிடம் 'எல்லாம் சௌகரியமா?' என்று கேட்டேன். இவ்விரு கேள்விக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும். தெரியாததைப் பிள்ளை எவ்வாறு கேட்பான்? தெரியாது என்பதே அவனுக்குத் தெரியாதே!

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துணை என்ற பெயரால் பிள்ளையை நம் நிழலிலேயே வைத்திருத்தலும் தவறு. 'தமிழ்ப் பையன் இருக்கும் அறையாகப் பார்த்து மாற்றிக் கொடுங்கள்' என்று விடுதிக் காப்பாளரிடம் மன்றாடும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அம்பேத்கர், நவல் பதேனா என்னும் பார்சி மாணவரோடு விடுதியில் வாழ்ந்தார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நின்றது. பின்னாளில் அம்பேத்கரின் பண நெருக்கடியிலும் கை கொடுத்தது. 1902-இல் பீகாரிலிருந்து கல்கத்தா சென்று ஈடன் இந்து விடுதியில் தங்கிப் படித்த இராஜேந்திர பிரசாத், வங்காள மாணவரோடும் கலந்து பழகினார்; தம் மாநிலத்து மாணவரையும் மறக்கவில்லை. 1906-இல் பீகார் மாணவர் மாநாடு தோன்றுவதற்கு முன்னின்றவருள் அவரும் ஒருவர். புதிய நட்பும் பழைய உறவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பிள்ளையின் பாதுகாப்பிற்குச் சட்டங்களும் வந்துள்ளன. பகிடிவதையைத் தடுக்கத் தமிழ்நாடு 1997-இல் தனிச்சட்டம் செய்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி ஆர். கே. இராகவன் தலைமையில் அமைந்த குழு 2007-இல் அறிக்கை தந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்குமான விதிகளை வகுத்தது. புதிய மாணவர்களை இயன்றவரை தனிப்பகுதியில் தங்க வைக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இவை பெரிதும் வேண்டியவையே. ஆயினும் சட்டம் கொடுமையைத் தடுக்கும். இராப் பசியை அறியாது.

ஆதலின் நம் சங்கக் குடும்பங்களுக்கு யான் சொல்ல விரும்புவன சிலவே. ஊரிலிருந்து பிள்ளை வந்தால் விடுதி வாயிலோடு திரும்பாதீர். அறைக்குள் விடுவார்களாயின் சென்று, கட்டிலையும் படுக்கையையும் பாருங்கள். இரவில் என்ன பரிமாறுகிறார்கள் என்று சமையற்கூடத்தில் கேளுங்கள். துணி வெளுப்பவரிடமும் கடைக்காரரிடமும் பேச வேண்டிய பத்துச் சொற்களை இந்தியில் சொல்லிக் கொடுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் முதல் அழைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவன் வரவில்லையே என்று வருந்தாதீர். வேரூன்றிவிட்டான் என்று மகிழுங்கள்.

என் தங்கை மகன் தன் ஊருக்கு அருகிலேயே படித்து முடித்து, இன்று நல்ல வேலையில் இருக்கிறான். அவன் என்னைக் குறைகூறியதில்லை. அதுவே எனக்கு மிகுந்த வருத்தம். இவ்வாண்டு அவன் தங்கை இந்நகருக்குப் படிக்க வருகிறாள். பெண்கள் விடுதிக்குள் என்னை விடமாட்டார்கள். ஆதலால் என் மனைவி உள்ளே சென்று கட்டிலைப் பார்ப்பாள். நான் வாயிலில் காத்திருப்பேன். அப்பெண் வெளியே வந்ததும், 'எல்லாம் சௌகரியமா?' என்று கேட்கமாட்டேன். 'நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், அம்மா?' என்று கேட்பேன்.