சத்தமாப் படி, மனே

ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு கவிதையையும் கைகழுவி விட்டவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் என்றால் பதம் பிரி, கருத்து எழுது, அணியைச் சொல். அவ்வளவுதான். போன வருசம் கிரானில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நீலாவணனின் ‘வேளாண்மை’ காவியத்தை வாசிக்கத் தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்து வாய்க்குள் வாசித்தோம். விளங்கினது, ருசிக்கவில்லை.

பெரியநீலாவணைக்காரர் நீலாவணன், 1931இல் பிறந்து 1975இல் காலமானவர். கிழக்கில் வேளாண்மை என்றால் நெல்லுத்தான். நாங்கள் பிறந்து வளர்ந்த வயல்வாழ்க்கையைப் பாடின காவியமே எங்களுக்கு ஒட்டவில்லை என்றால் பிழை எங்கே?

விறாந்தையில் இருந்த அப்பப்பா ஒருவர்தான் கண்டுபிடித்தார். “மனே, வாய்க்குள்ள படிச்சா எனக்கு என்னண்டு கேட்கும்? சத்தமாப் படி.” படித்தோம். நடுவில் கையைக் காட்டினார். “மறுகா அந்த வரியச் சொல்லு. இடிக்குது.” பார்த்தால் ஒரு சொல்லைத் தவறவிட்டிருந்தோம். புத்தகத்தை அவர் கண்ணால்கூடக் காணவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர்.

அவர் கூத்தாடினவர். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: வளர்ந்த ஆட்கள் கவிதை பழகுவது எங்கள் பக்கத்தில் புது விசயமே இல்லை. வடமோடியோ தென்மோடியோ, ஒரு கூத்தைத் தெரிந்து முதலில் ‘சட்டம் கொடுப்பார்கள்’. இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அவரவர் பாட்டைக் கையில் கொடுக்கிற நாள் அது. பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். பகலில் வயலில் நின்றவர்கள் அண்ணாவியார் சொல்லச் சொல்ல, மத்தளத்துக்குக் காலையும் சொல்லையும் சேர்ப்பார்கள். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எல்லாம் தாண்டித்தான் அரங்கேற்றம். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் நூற்றுக்கணக்கான வரி வாயில் நின்றது அப்படித்தான். களரியில் ஆடுகிறவர் பாடின வரியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவார்கள். பார்க்க வந்தவருக்கும் ஒரு வரி இரண்டு தரம் கேட்கும். ஒருதரம் கண்ணை ஓட்டிவிட்டு “ஒண்டும் விளங்கல்ல” என்று மூடி வைத்த எங்களுக்கு இது நல்ல குட்டு.

அச்சுக்காரர்களும் இதைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறார்கள். தி. சதாசிவ ஐயர் 1940இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ கொண்டு வந்தார். வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மன் கோயில்களில் பாடுகிற ‘கண்ணகி வழக்குரை’யை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். அதில் ஆடினவர்களும் படித்த, வளர்ந்த பிள்ளைகள்தான். ஆனால் புத்தகம் சொல்லைத்தான் காப்பாற்றும். எங்கே மூச்சு விடுவது, எங்கே இழுப்பது என்பது அப்பப்பாவிடம்தான் இருக்கிறது. அவரின் மகன்மாருக்கு அது போய்ச் சேரவில்லை. சண்டைக் காலத்தில் எங்கட ஊர்ப்பக்கம் இரவில் வெளிக்கிடவே பயம், பிறகு எங்கே களரி கட்டுவது? எங்கள் அப்பாமாருக்குக் கூத்து என்பது பார்த்த ஞாபகம் மட்டும்தான்.

இப்போது சத்தமாகத்தான் வாசிக்கிறோம், ஒவ்வொரு வரியும் இரண்டு தரம். முதலில் வெட்கமாக இருந்தது, ஆறு பேரும் சிரித்துச் சிரித்தே ஒரு மாலையை முடித்தோம். அணி என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.

காவியம் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. மாரியில் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினதால் படுவான்கரையில் இருந்து வருகிற இரண்டு பேர் மூன்று கிழமை வரவில்லை. அவர்களுக்காகப் போனில் வாசித்துப் பதிந்து அனுப்பினோம். அடுத்த நாள் ஒருத்தியிடம் இருந்து குரல்பதிவு வந்தது. எங்கள் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவள் பிற்பாட்டுப் பாடியிருந்தாள். பின்னணியில் மழை. அப்பப்பா அதை மூன்று தரம் போடச் சொன்னார்.