உரக் கடனும் விதைக் கடனும்

நம் குடியிருப்பில் சிலர் இப்போது மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்குகிறீர்கள். இடையில் அது எங்கே போயிருந்தது தெரியுமா?

1965-66இல் நாட்டில் கடும் வறட்சி. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து ரேஷன் கடைகள் நடந்தன. 1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. நம் பழைய ரகங்கள் பெரும்பாலும் உயரமானவை; யூரியா போட்டால் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 குட்டை, சாயாமல் மூட்டை மூட்டையாக விளைந்தது. கப்பலுக்குக் காத்திருந்த காலம் மாறியது. அதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் பணம் வேண்டுமே? 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபின் கிராமங்களில் பயிர்க்கடன் பெருகியது. பின்னாளில் நானும் அந்தப் பேரேட்டை எழுதியவன். கடனில் ஒரு பகுதி விவசாயி கைக்கு வராமல் நேராக உரக்கடைக்குப் போகும். வீட்டு விதையும் தொழுவுரமும் போதும் என்பவருக்கு அதனால் பயனில்லை. இப்படிப் பழைய ரகங்கள் ஒவ்வொன்றாக வயலை விட்டுப் போயின.

அவற்றில் 174 ரகங்களை மீட்டவர் 2018இல் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர், மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். வங்கிக் கணக்கில் பார்த்தால் நூறு சதவீத வட்டி! ஆனால் அந்த வட்டியும் விதைதான்; இன்னொருவர் வயலுக்குப் போகும்.

விலை சற்றுக் கூடுதல்தான். இருந்தாலும் மாதம் 2 கிலோ வாங்கிப் பாருங்கள். வாங்க ஆள் இருந்தால்தான் அடுத்த போகமும் விதைப்பார்கள்.